பழைய கீபோர்டின் மேல் போடும் பழி

"மாஸ்டர், இந்த மாடல் பழசாயிடுச்சு. எக்ஸ்சேஞ்சில போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க." கீபோர்டு வாசிக்கும் எவரும் இந்த யோசனையைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. கடைக்காரர் சொல்வார். மெல்லிசைக் குழுவில் கூட வாசிப்பவர் சொல்வார். பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் இன்னொரு அம்மா சொல்வார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அதனாலேயே யாரும் மறுத்துப் பேசுவதுமில்லை. கருவி வாங்கி ஐந்தாறு வருஷம் ஆனால் அது வாசிப்பவரைப் பின்னுக்கு இழுக்கும், அடுத்த படிக்கு ஏற அடுத்த மாடல் வேண்டும், புதியதின் ஒலி எப்படியும் மேலானதாக இருக்கும் என்ற மூன்று நம்பிக்கைகள் இதற்குள் இருக்கின்றன. மூன்றையும் நான் மறுக்கிறேன். கீபோர்டை மாற்றியே தீர வேண்டிய நேரங்கள் உண்டு, அவற்றுக்குப் பின்னால் வருகிறேன். ஆனால் அந்த நேரத்தைக் கருவியின் வயதோ அதன் மாடல் எண்ணோ சொல்லாது.

முதலில் ஒலி. "புதுசோட சவுண்டே தனி" என்கிறார்கள். எங்கே கேட்டீர்கள்? கடையில். அங்கே கருவி கண்ணாடி அறைக்குள் இருக்கிறது, வாசித்துக் காட்டுபவர் அதன் ஆகச் சிறந்த நாலு டோன்களைத்தான் வாசிக்கிறார், டெமோ பாட்டை அந்தக் கம்பெனியே தேர்ந்த கலைஞரை வைத்துப் பதிந்திருக்கிறது. உங்கள் பழைய கீபோர்டை எங்கே கேட்கிறீர்கள்? கல்யாண மண்டபத்தில், மிக்ஸர் வழியாக, பந்திச் சத்தத்துக்கு நடுவில். இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

மேடையில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆரம்பநிலைக் கீபோர்டுகள் பலவற்றில் தனி லைன் அவுட் கிடையாது. ஹெட்போன் துளையிலிருந்துதான் வயர் போகும். அந்தத் துளை ஸ்டீரியோ. அதில் சாதாரண மோனோ பின்னைச் செருகினால் வலப்பக்க ஒலி தரையிணைப்போடு முட்டிக் காணாமல் போகிறது. சரியான வயர் போட்டு இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும், ஸ்டீரியோவாகப் பதிந்த பியானோ டோனில் சில அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி மெலியும். இதுபோக, கீபோர்டுக்குள்ளேயே ஒரு ரிவர்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. மண்டபத்துக்கு இயல்பாகவே எதிரொலி இருக்கிறது. மிக்ஸர்காரர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறார். மூன்றும் கலந்தபின் எந்தக் கம்பெனியின் பியானோவும் குழைந்த சோறாகத்தான் வந்து விழும். கருவியின் ரிவர்பை அணைத்து, ஒழுங்கான வயரை மாட்டி, இடையில் ஒரு டி.ஐ. பாக்ஸ் வைத்து இரைச்சலை நிறுத்திப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு மேல் போட்டுக் கொடுக்கும் தொகையில் சிறு பங்குதான் இதற்கெல்லாம் ஆகும். புதுக் கீபோர்டை வாங்கி அதே மோனோ பின்னைச் செருகினால் அதே மெலிந்த ஒலி, கூடுதல் விலையில்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வரலாற்றிலிருந்து வருவது. மின்னணு இசையின் ஒவ்வொரு திருப்பமும் ஒரு புதுக் கருவியோடு வந்தது. 1983இல் யமஹா டி.எக்ஸ்.7, 1987இல் ரோலண்ட் டி-50, 1988இல் கோர்க் எம்1. எண்பதுகளின் சினிமாப் பாட்டே இவற்றால் நிறம் மாறியது. ஆகவே புதியதைத் தொடாதவன் பின்தங்குவான் என்பார்கள். தேதிகள் எல்லாம் சரி. முடிவுதான் சரியில்லை.

டி.எக்ஸ்.7ஐயே எடுத்துக்கொள்வோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் கண்டுபிடித்த எஃப்.எம். முறையை உரிமம் பெற்று யமஹா வளர்த்தெடுத்த கருவி அது. ஒரே நேரத்தில் 16 சுரம், நினைவகத்தில் 32 டோன். ஆறு அலைகள் ஒன்றையொன்று அசைத்து ஒலியை உண்டாக்கும் அந்த முறையில் உருவாக்கக்கூடிய ஒலிகளுக்குக் கணக்கில்லை. ஆனால் திருகுவதற்குக் குமிழ்கள் இல்லை. சின்னத் திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக மாற்ற வேண்டும். அதனால் பெரும்பாலோர் கம்பெனி போட்டுக் கொடுத்த டோன்களைத் தாண்டவில்லை. பழுதுபார்க்க வந்த டி.எக்ஸ்.7களில் பெரும்பகுதி தொழிற்சாலை டோன்கள் கலையாமலே வந்தன என்பது அந்தத் தொழிலில் இன்றும் சொல்லப்படும் கதை. எல்லாரும் அதே எலெக்ட்ரிக் பியானோவை வாசித்தார்கள், சில வருஷங்களில் எல்லாருக்கும் அது சலித்தது, சலித்ததும் கருவி பழசாகிவிட்டது என்றார்கள். அப்படிச் சொல்லி டி-50க்கும் எம்1க்கும் போனவர்கள் அங்கேயும் அதையேதான் செய்தார்கள். எம்1இன் பியானோ டோனும் ஆர்கன் டோனும் உலகமெங்கும் நடன இசையில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தன. பிரையன் ஈனோ மட்டும் புது மாடல்கள் வந்து குவிந்த பிறகும் பல ஆண்டுகள் டி.எக்ஸ்.7ஐ விடாமல் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே தோண்டிக்கொண்டிருந்தார். சலித்தது 32 டோன்கள். கருவியைத் திறந்தவர்களே குறைவு.

இன்னொரு கருவி இந்த வாதத்தை மொத்தமாகக் கவிழ்க்கிறது. ரோலண்ட் டி.பி-303. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்காரருக்கு பேஸ் கிடார் துணை என்று 1981இல் விற்பனைக்கு வந்தது. பேஸ் கிடார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை; 1984இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். கடைக் கணக்கில் அது செத்த மாடல். பிறகு சிகாகோ இளைஞர்கள் சிலர் பழைய சாமான் விலைக்கு அதை வாங்கித் தப்புத்தப்பாகத் திருகினார்கள். 1987இல் ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது, ஓர் இசை வகையே பிறந்தது. இதில் நம் நாட்டுச் சங்கதியும் உண்டு. பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982லேயே டி.பி-303, டி.ஆர்-808, ஜுபிட்டர்-8 மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். "பார்த்தீர்களா, அவர் அன்றைய புதுக் கருவியைத்தானே வாங்கினார்" என்று கேட்கலாம். வாங்கினார். அதே புதுக் கருவியை வாங்கிய மற்றவர்களிடமிருந்து அந்த இசைத்தட்டு வரவில்லையே. ராகம் அவருடையது. அந்தத் தட்டும் அன்று விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு ஆன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

விலை மலிவான கருவி என்று இளக்காரம் பேசுவோருக்கு கேசியோ எம்.டி-40 இருக்கிறது. 1981இல் வீட்டு உபயோகத்துக்கென வந்த சின்னக் கட்டைக் கீபோர்டு. இசைக் கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வெழுதிவிட்டு கேசியோவில் வேலைக்குச் சேர்ந்த ஒகுதா ஹிரோகோ அதற்கு 'ராக்' என்று ஒரு தாளம் போட்டுக் கொடுத்தார். நாலு வருஷம் கழித்து ஜமைக்காவில் அந்தத் தாளத்தை அப்படியே ஓடவிட்டு வெயின் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' அந்தத் தீவின் இசையைக் கணினி யுகத்துக்குத் தள்ளிவிட்டது. இன்னும் பின்னால் போனால் 1954இன் இந்திப் படம் 'நாகின்'. ஹேமந்த் குமார் இசையில் வந்த அந்த மகுடி ஒலியை இன்றைக்கும் நம் ஊர் மெல்லிசை மேடைகளில் வாசிக்கிறார்கள். அதில் மகுடியே கிடையாது. கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலினும் ரவி வாசித்த ஆர்மோனியமும்தான் இருந்தன. கிளாவியோலினில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும்.

ஒரு சுரம் என்றதும் பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் கணக்குக்கு வர வேண்டியிருக்கிறது. அட்டைப்பெட்டியில் 32, 48, 64, 128 என்று எண் போட்டிருக்கும். பெரிய எண் உள்ளது பெரிய கருவி என்று விற்கிறார்கள். அந்த எண் பொய்யில்லை. ஸ்டீரியோ பியானோ டோனில் பல கருவிகள் ஒரு சுரத்துக்கு இரண்டு குரல் எடுத்துக்கொள்ளும். சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு எட்டுச் சுரங்களை அடுக்கினால் 16 போயிற்று. அதன்மேல் ஸ்ட்ரிங்ஸைச் சேர்த்து வாசித்தால் அதுவும் தன் பங்கைக் கேட்கும். ஸ்டைல் ஓடிக்கொண்டிருந்தால் டிரம்ஸ், பேஸ், கார்டு எல்லாம் அதே கணக்கிலிருந்துதான் எடுக்கும். எண் தீர்ந்ததும் கருவி எதையாவது ஒன்றை அறுக்கும். ஆகவே பெடல் போட்டுப் பியானோ இசை வாசிப்பவருக்கு 32 போதாது, அவர் மாற்றட்டும். ஆனால் கீபோர்டு வாங்கும் பெரும்பாலோர் வலக்கையில் பாட்டின் மெட்டை ஒற்றைச் சுரமாகவும் இடக்கையில் கார்டையும் பிடிப்பவர்கள். அவர்களுக்கு 48க்கும் 128க்கும் வித்தியாசம் காதில் விழாது. சோதிக்க வேண்டுமானால் பெடலை மிதித்து ஒரு தாழ்சுரத்தை அடித்துவிட்டு மேலே உங்கள் பாட்டை வாசியுங்கள். தாழ்சுரம் தானாகத் தேய்கிறதா, நடுவில் வெட்டுப்படுகிறதா என்று கேளுங்கள். வெட்டுப்படவில்லை என்றால் கூடுதல் எண்ணுக்குக் கொடுக்கும் பணம் உங்கள் பாட்டுக்காகக் கொடுப்பதில்லை.

நம் ஊரில் இன்னொரு தூண்டிலும் உண்டு: இந்திய டோன்கள். யமஹாவின் பி.எஸ்.ஆர்-ஐ வரிசையும் ரோலண்ட் எக்ஸ்.பி.எஸ்-10ம் இந்தியச் சந்தையை மனத்தில் வைத்தே வந்தவை. தபலா, தம்பூரா, சித்தார் என்று எல்லாம் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. அதனால் பழையதை எக்ஸ்சேஞ்ச் செய்தால் ராகம் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. வராது. தோடியின் காந்தாரம் நின்று ஒலிக்கும் சுரமல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பது. வீணை டோனைத் தேர்ந்தெடுத்து அந்தக் கட்டையை அமுக்கினால் வீணையின் ஒலியில் தோடி அல்லாத ஏதோ ஒன்று வரும். அந்த அசைவைத் தருவது பிட்ச் பெண்டர் சக்கரமும் அதன்மேல் இடக்கையும்தான். பெரும்பாலான கருவிகளில் அந்தச் சக்கரம் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வளைக்கும்படி அமைந்திருக்கும். தோடிக் காந்தாரத்துக்குக் கீழே ரிஷபம் இரண்டு அரைச்சுரம், மேலே மத்தியமம் இரண்டு அரைச்சுரம். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. கர்நாடகக் கச்சேரியைக் கீபோர்டில் மேடையேற்றிய கே. சத்தியநாராயணன் போன்றவர்கள் காட்டியதும் இந்தக் கைவேலையைத்தான். சக்கரம் உள்ள பழைய கீபோர்டு, சக்கரம் இல்லாத புதுக் கீபோர்டைவிட ராகத்துக்கு நெருக்கம். விலைப்பட்டியலைப் பாருங்கள்: மலிவான புது மாடல்கள் பலவற்றில் இந்தச் சக்கரம்தான் முதலில் காணாமல் போயிருக்கும்.

"இப்ப கொடுத்தாதான் ரேட்டு கிடைக்கும்" என்ற பயமுறுத்தல் வேறு. மின்னணுப் பொருளின் விலை வாங்கிய புதிதில்தான் செங்குத்தாகச் சரியும். ஐந்தாறு வருஷம் கடந்தது ஏற்கெனவே சரிந்து முடிந்தது. இன்னும் இரண்டு வருஷம் வைத்திருந்தால் நட்டம் சொற்பம். புதிதாக வாங்குவதில்தான் அந்தச் செங்குத்தான சரிவு உங்கள் தலையில் விழும். அப்புறம், கட்டை நாலு வேலை செய்யவில்லை என்பதற்காகக் கருவியையே கழித்துக்கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கட்டைக்கு அடியில் இருப்பது கார்பன் பூசிய ரப்பர்ப் பட்டை. தூசியும் கடற்கரை ஊர்களின் ஈரமும் சேர்ந்து அதன் தொடர்பைக் கெடுக்கும். சுத்தம் செய்தாலே பாதி சரியாகும், மீதிக்குப் பட்டையை மாற்றலாம். பழைய டோன்கள் அழிந்துவிட்டன என்றால் உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். அடாப்டரை மாற்றும்போது மட்டும் உஷார்: சில கம்பெனிகளுக்கு நடுமுனை நேர்மின், சிலவற்றுக்கு எதிர்மின். பக்கத்து வீட்டு அடாப்டரைச் செருகிப் போர்டைக் கருக்கிவிட்டு "பழசு, அதான் போயிடுச்சு" என்று சொல்லக் கூடாது.

வருஷத்தில் இரண்டு பெரிய கச்சேரிக்கு மட்டும் பெரிய கீபோர்டு வேண்டியிருக்கிறதா? வாடகைக்கு எடுங்கள். சென்னை சினிமா இசையுலகம் வாடகைக் கருவிகளை வெகுகாலமாக நம்பியிருந்தது. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் இறந்த பிறகு அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்துத்தான் குடும்பம் நடந்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் ஏ.ஆர். ரகுமான்.

புது ஒலிகள் மட்டுமே வேண்டும் என்றால் அதற்கும் கருவியை மாற்றத் தேவையில்லை. 1983இல் வந்த மிடி இணைப்பு நாற்பது வருஷம் தாண்டியும் வேலை செய்கிறது. உங்கள் கீபோர்டில் ஐந்து முனை மிடித் துளையோ யு.எஸ்.பி. துளையோ இருந்தால் அதை லேப்டாப்போடு இணைத்து, கட்டைகளை மட்டும் பயன்படுத்திக்கொண்டு ஒலியைக் கணினியிலிருந்து எடுக்கலாம். யமஹா சி5 கிராண்ட் பியானோவை 16 அழுத்த நிலைகளில் பதிந்து இலவசமாகக் கொடுத்திருக்கும் சலமாண்டர் தொகுப்பு இருக்கிறது. டி.எக்ஸ்.7இன் டோன் கோப்புகளை அப்படியே திறக்கும் டெக்ஸ்ட் என்ற மென்பொருளும் இலவசம். மேடையில் லேப்டாப் நின்றுபோனால் மானம் போகும் என்ற ஆட்சேபம் நியாயமானது, ஏற்கிறேன். வீட்டில் பயிற்சி செய்பவருக்கும் பதிவு செய்பவருக்கும் அந்தப் பயம் கிடையாது.

இதைப் படித்துவிட்டுப் பழைய கருவிக் காதலர்கள் கைதட்ட வேண்டாம். "அந்தக் கால அனலாக் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, எங்கோ கிடந்த சிந்தசைசரை யானை விலைக்கு வாங்கி, உதிரி பாகம் கிடைக்காமல் அலைவதும் அதே நோயின் இன்னொரு முகம். இவர்களும் வாசிப்பின் குறையைக் கருவி மேல் ஏற்றுகிறார்கள். திசை மட்டும் வேறு.

சரி, எப்போது மாற்றலாம்? உங்கள் கீபோர்டுக்கு டச் இல்லையென்றால், அதாவது மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம் வருமென்றால், இன்றே மாற்றுங்கள். மெதுவாகவும் அழுத்தியும் வாசிக்கக் கற்காத விரல்களுக்கு அந்தப் பழக்கம் பிறகு வருவது கடினம். குழந்தைக்கு வாங்குகிறவர்கள் வேறெதைவிட்டாலும் இதை விடக் கூடாது. கட்டைகள் 49 ஆக இருந்து பாட்டு அதற்கு வெளியே போனால் மாற்றுங்கள். பியானோ படிக்கிறவருக்கு எடையுள்ள 88 கட்டைகள் வேண்டும், அதில் விவாதம் இல்லை. கிரேடு தேர்வு எழுதுபவருக்குத் தேர்வு நடத்துபவர்களே கருவிக்கான குறைந்தபட்சத் தகுதிகளை அச்சிட்டுத் தருகிறார்கள். அதைப் படியுங்கள், வகுப்பு வாசல் வதந்தியை விடுங்கள். மேடைத் தொழில்காரரின் விஷயம் தனி. ஒரே இரவில் முப்பது பாட்டு வாசிக்கிறவருக்குப் பல்லவியில் புல்லாங்குழல், இடையிசையில் வயலின் கூட்டம், சரணத்தில் எலெக்ட்ரிக் பியானோ என்று தாளம் தப்பாமல் மாற வேண்டும். டோன் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவுப் பொத்தான்கள் போதாவிட்டால் அவருக்கு அது சோற்றுப் பிரச்சினை. அவர் வாங்குவது தொழில் முதலீடு.

இந்தக் காரணங்கள் எல்லாவற்றிலும் குறை இன்னதென்று விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது. எந்தப் பாட்டில், எந்த இடத்தில், கருவி எதைச் செய்ய மறுத்தது என்று வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. "பழசாயிடுச்சு" என்பதில் அப்படித் தொட்டுக் காட்ட ஒன்றும் இல்லை. "புதுசு வாங்கினால் உற்சாகம் வரும்" என்பதிலும் இல்லை. அந்த உற்சாகம் டோன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து முடிக்கும்வரை இருக்கும், பிறகு அதே மூன்று டோனுக்குத்தான் கை போகும்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு மாதம் பொறுங்கள். கருவியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்து, இதுவரை தொடாத பக்கங்களைப் படியுங்கள். உங்களுக்கு வேண்டியதில் பாதி அங்கேயே இருக்கும். தினமும் வாசிக்கும்போது கருவி கைகொடுக்காத இடம் வந்தால் பாட்டின் பெயரோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தாள் நிறைந்தால் அதையே கையில் கொண்டுபோய், அந்தக் குறைகள் தீரும் மாடலை மட்டும் கேளுங்கள். தாள் காலியாக இருந்தால் ஒரு சஸ்டெயின் பெடலும் ஒரு டி.ஐ. பாக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.